தம்பியை மருத்துவமனையில் தடுத்துவைத்தபோது: யார், எப்போது மறுபரிசீலனை செய்கிறார்கள்

சிங்கப்பூரில் ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் வைத்திருக்க மருத்துவர்கள் முடிவெடுத்தால், அந்த முடிவை அடுத்து யார், எந்தத் தேதிக்குள் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த விவரம் தேவைப்படும் நாளில் வீட்டில் யாருக்கும் சட்டம் படிக்கும் நிதானம் இருப்பதில்லை. நான் வழக்கறிஞர் அல்ல, ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். என் தம்பி தடுத்துவைக்கப்பட்ட காலத்தில் சட்டத்தின் பிரிவுகளையும் மருத்துவர்களுடன் நடந்த சந்திப்புகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்துப் புரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அவனுடைய சம்மதத்துடன் எழுதுகிறேன்.

இதற்கு அடிப்படையாக இருப்பது 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டம். அந்தச் சட்டத்தின்கீழ் ஒருவரைத் தடுத்துவைத்துச் சிகிச்சையளிக்க அறிவிக்கப்பட்டிருக்கும் ஒரே நிலையம் புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகம். நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அதை ‘உட்பிரிட்ஜ்’ என்றுதான் சொல்கிறார்கள், அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அந்தத் தயக்கத்தால்தான் பல குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமலே வீடு திரும்பிவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்பிக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல். பல இரவுகளாகத் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டார் சுவர் வழியாகத் தன் பேச்சை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நம்பினான். ஒருநாள் விடியற்காலையில் பதினோராவது மாடியில் இருக்கும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறைச் சன்னலில் அவன் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அம்மா 999க்கு அழைத்தார். காவல்துறையினர் வந்தபோது அம்மாவின் பெரிய பயம், ‘தற்கொலைக்கு முயன்றான் என்று வழக்குப் போட்டுவிடுவார்களோ’ என்பதுதான். 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இந்நாட்டில் குற்றம் அல்ல என்பது அவருக்குத் தெரியாது. உதவிக்கு அழைக்கவே பல வீடுகளில் தயங்குவதற்கு இந்தப் பழைய பயமும் ஒரு காரணம் என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

காவல்துறை அவனைப் பிடித்துச் சென்றது சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என்றும், அந்த ஆபத்து மனநோயால் வருவது என்றும் கருதப்படுபவரைப் பிடித்து மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்ல அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. இந்த அதிகாரத்தின் எல்லையை நீதிமன்றமும் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2017இல் இவ்வாறு பிடித்துச் செல்லப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில், 2023ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற நீதிபதி பிலிப் ஜெயரத்னம் அவருக்கு 20,000 வெள்ளி இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். ஆபத்து உடனடியாக நேரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சட்டத்துக்குப் பொருள் கொண்டது. அதன்பின் 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தம், ஆபத்து நேர நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும், உடனடியாக நேரும் கட்டம்வரை காவல்துறை காத்திருக்க வேண்டியதில்லை என்று மாற்றியது. சன்னலில் உட்கார்ந்திருந்த தம்பியின் விஷயத்தில் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் எல்லா வீடுகளிலும் நிலைமை அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. ஆகவே காவல்துறையை அழைப்பவர், தாம் கண்ணால் கண்டது என்ன, எத்தனை மணிக்குக் கண்டார் என்பதை அன்றே ஒரு தாளில் எழுதிவைப்பது பிறகு எல்லாருக்கும் உதவும், நோயாளிக்கும் சேர்த்துத்தான்.

பிடித்துச் செல்வது வேறு, மருத்துவமனையில் தடுத்துவைப்பது வேறு. பின்னதற்கு 10ஆம் பிரிவு மூன்று படிகளை வகுத்திருக்கிறது. முதலில், நியமிக்கப்பட்ட மருத்துவர் ஒருவர் பரிசோதித்து, உள்நோயாளியாகச் சிகிச்சை தேவை என்று கருதினால், முதல் படிவத்தில் கையெழுத்திட்டு 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அந்த நேரம் முடிவதற்குள் நியமிக்கப்பட்ட இன்னொரு மருத்துவர் பரிசோதித்து இரண்டாம் படிவத்தில் கையெழுத்திட்டால், மேலும் ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். அந்த மாதம் முடிவதற்குள் நியமிக்கப்பட்ட மருத்துவர்கள் இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். இருவரும் தேவை என்று கருதினால் மூன்றாம் படிவத்தின்படி ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். தானாக விரும்பிச் சேர்ந்த உள்நோயாளி வெளியேற விரும்பும்போதும் இதே பிரிவைப் பயன்படுத்தி அவரைத் தடுத்துவைக்க முடியும். இது பலருக்குத் தெரிவதில்லை.

இந்த மூன்று படிகளுக்கும் பொதுவான நிபந்தனைகள் இரண்டு உண்டு. தடுத்துவைத்துச் சிகிச்சையளிக்க வேண்டிய மனநோய் அவருக்கு இருக்க வேண்டும். அவருடைய உடல்நலத்துக்காகவோ பாதுகாப்புக்காகவோ, பிறருடைய பாதுகாப்புக்காகவோ அவ்வாறு தடுத்துவைப்பது அவசியமாகவும் இருக்க வேண்டும். நோய் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அவசியமும் இருந்தாக வேண்டும். குடும்பம் பேச இடம் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான். நோயின் பெயரைப் பற்றி மருத்துவரிடம் வாதிட நமக்குத் தகுதி இல்லை. ஆனால், வீட்டில் என்ன பாதுகாப்பு இருக்கிறது, யார் உடன் இருப்பார், மருந்தை யார் எடுத்துக் கொடுப்பார் என்பவற்றை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

திருச்சியில் வழக்கறிஞராக இருக்கும் சித்தப்பா மகன் செய்தி கேள்விப்பட்டு அழைத்தபோது, ‘மறுஆய்வு வாரியத்தில் மனுக் கொடுத்துவிட்டீர்களா, அக்கா?’ என்றுதான் முதலில் கேட்டான். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வாரியம் உண்டு. கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி அதற்குத் தகவல் போக வேண்டும், அங்கே மேல்முறையீடு செய்யவும் முடியும். நம் நாட்டில் அத்தகைய தீர்ப்பாயம் இல்லை. முதல் ஆறு மாத காலத்தில் நடக்கும் மறுபரிசீலனை முழுவதும் மருத்துவர்கள் மீண்டும் பரிசோதிப்பதாகவே அமைந்திருக்கிறது. வேறு வேறு மருத்துவர்கள், வேறு வேறு நேரங்களில் பார்க்க வேண்டும் என்பது ஒரு பாதுகாப்புதான், அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், நோயாளியும் அவர் சார்பில் ஒருவரும் உட்கார்ந்து பேச, வெளியாள் ஒருவர் கேட்டு முடிவுசெய்யும் ஒரு விசாரணை ஒரு மாதக் கட்டத்திலாவது இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது வரும்வரை, மருத்துவர் பரிசோதிக்கும் அந்தச் சில மணி நேரமே நம் சொல்லுக்குக் கிடைக்கும் இடம் என்று எண்ணி அதற்கு ஆயத்தமாக வேண்டும்.

நான் முதல் சந்திப்பில் மருத்துவச் சமூக ஊழியரிடம் கேட்டவை எளிய கேள்விகள். தம்பி இப்போது எந்தப் படிவத்தின்கீழ் இருக்கிறான்? அது எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்கியது? எப்போது முடிகிறது? அடுத்த பரிசோதனை ஏறக்குறைய எந்த நாளில் இருக்கும்? அதற்கு முன் குடும்பம் எழுத்தில் ஏதாவது தரலாமா? அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் அவர் கண்முன்னேயே எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பி வாசித்துக்காட்டி உறுதிசெய்துகொண்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆகவே முக்கியமான சந்திப்புக்கு முன்பே, தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று கேட்டுவைத்தேன். பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளராக இருந்தால், தாய்க்கு வலிக்கும் வாக்கியங்களை அறியாமலே மென்மையாக்கிவிடுவோம். அம்மா சொல்ல நினைப்பதும் மருத்துவரிடம் முழுமையாகப் போய்ச்சேராது.

கால எல்லைகளைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. ஒரு மாதம், ஆறு மாதம் என்பவை உச்சவரம்புகள். இரண்டாம் படிவம் கையெழுத்தானதும் அம்மா, ‘ஒரு மாதம் உள்ளே போட்டுவிட்டார்களே’ என்று அழுதார். அது தண்டனைக் காலம்போல் கழித்தே தீர வேண்டிய ஒன்று அல்ல. நிலைமை தேறி, அவசியம் இல்லாமற்போனால், அதற்கு முன்பே அனுப்பிவிடலாம். இதை அன்றே அவருக்கு மருத்துவர் வாயால் சொல்லவைத்தது, அடுத்த சில வாரங்களை அவர் தாங்கிக்கொள்ளப் பெரிதும் உதவியது.

எழுத்தில் நாங்கள் கொடுத்தது ஒரு பக்கக் கடிதம். அதில், ‘அவன் நல்லவன், ஒரு ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன்’ என்பது போன்ற வரிகளை நான் சேர்க்கவில்லை. உறவினர் சிலர் அதற்காக வருத்தப்பட்டார்கள். மருத்துவருக்கு வேண்டியது அவன் குணத்துக்கு நற்சான்றிதழ் அல்ல. கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினான், வேலைக்குப் போவதை எப்போது நிறுத்தினான், முன்பு மருந்தை நிறுத்தியபோது எவ்வளவு காலத்தில் நிலைமை மாறியது, சன்னலில் ஏறியதற்கு முந்தைய நாட்களில் என்ன சொன்னான், யாரையாவது மிரட்டியதுண்டா, இல்லையா என்று தேதி வாரியாக எழுதினேன். கண்டதைக் கண்டதாகவும் கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் பிரித்து எழுதினேன். அவனுக்குப் பாதகமாகப் படக்கூடிய செய்திகளையும் மறைக்கவில்லை. சாதகமானதை மட்டும் சொல்லும் கடிதத்தை எந்த மருத்துவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

கடிதத்தின் பிற்பகுதியில் வீட்டு ஏற்பாடுகளை எழுதினேன். சமையலறைச் சன்னலுக்கும் அவன் அறைச் சன்னலுக்கும் கம்பிக் கதவு பொருத்தினோம், பொருத்தியவர் கொடுத்த ரசீதையும் இணைத்தோம். மருந்தைப் பூட்டிய பெட்டியில் வைத்து இரவு உணவுக்குப்பின் நான் எடுத்துக் கொடுப்பது, என் இரவு வேலை நாட்களில் தங்கை வந்து தங்குவது, மறுபரிசோதனைக்கு யார் அழைத்துச் செல்வது, தூக்கம் இரண்டு இரவுகள் தொடர்ந்து கெட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதுவரை எழுதினோம். மனநலக் கழகத்தின் 6389 2222 என்ற 24 மணி நேர உதவித் தொலைபேசி எண் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. மருத்துவர் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள் எல்லாம் மிகவும் நுணுக்கமானவை: ‘தங்கை வர முடியாத இரவில்?’ ‘அவர் மருந்து வேண்டாம் என்று மறுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ இரண்டாவது கேள்விக்கு, ‘வற்புறுத்தமாட்டேன், மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குத் தெரிவிப்பேன்’ என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

குடும்பம் ஒரே குரலில் பேசும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தம்பி வெளியே வரத் துடித்தான். அம்மாவோ அவன் இன்னும் சில காலம் உள்ளேயே இருக்கட்டும் என்றார். அந்த விடியற்காலையை நேரில் கண்டவர் அவர்தான். அத்தை, இதெல்லாம் வேண்டாம், ஊருக்கு அழைத்துப்போய்க் கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்றார். நான் மூவர் கருத்தையும் ஒன்றாகக் குழைத்து எழுதவில்லை. அம்மா தம் அச்சத்தைத் தாமே மருத்துவரிடம் சொல்லட்டும் என்று விட்டேன். ஒருவர் பயப்படுகிறார் என்பதும் மருத்துவர் எடைபோட வேண்டிய உண்மைதான். அதை மூடிமறைத்து அவனை வெளியே கொண்டுவந்திருந்தால், அவன் திரும்பி வரும் வீடு அவனுக்கு ஏற்ற இடமாக இருந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக அவனுடைய சொந்தச் சொல் இருக்கிறது. தடுத்துவைக்கப்பட்டவரைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அவரிடம் கேட்பவர் குறைவு. நான் வார்டுக்குப் போனபோது, ‘நீ மருத்துவரிடம் என்ன சொல்ல விரும்புகிறாயோ அதை உன் கையாலேயே எழுது, நான் திருத்தமாட்டேன்’ என்றேன். அவன் எழுதிய அரைப் பக்கத்தில் பாதிக்கு மேல் மருந்தைப் பற்றித்தான் இருந்தது. கை நடுங்குகிறது, அவன் செய்யும் பற்றவைப்பு வேலைக்கு நடுங்கும் கை ஆகாது, அதனால்தான் முன்பு மருந்தை நிறுத்தினான். அதுவரை நாங்கள் யாரும் அறியாத காரணம் அது. மருத்துவர் அதைப் படித்துவிட்டு வேறு மருந்தைப் பற்றி அவனோடு பேசினார். மருந்தை மறுப்பதை நோயின் அடையாளம் என்று மட்டுமே பார்க்காமல், அதற்கு அவர் சொல்லும் காரணத்தையும் கேட்டு எழுதிக் கொடுப்பது குடும்பத்தால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் ஒன்று.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாம் படிவம் கையெழுத்தானது. மருந்து மாற்றம் நடந்துகொண்டிருந்த காலம் அது, அவனுடைய சந்தேகங்களும் முழுமையாக விலகவில்லை. அந்த முடிவில் நியாயம் இருந்ததாகவே நான் கருதுகிறேன். தம்பி அப்படிக் கருதவில்லை. சட்டம் மருத்துவர்களுக்கு வெளியேயும் ஒரு கண்காணிப்பை ஏற்படுத்தியிருக்கிறது. அமைச்சர் நியமிக்கும் வருகையாளர்கள் நிலையத்தைப் பார்வையிடுகிறார்கள். அவர்களைச் சந்திக்க வேண்டும் என்று தம்பி எழுதிக் கொடுத்தான். அவர்கள் அவனைக் கண்டு பேசினார்கள், விடுவிக்கும்படி சொல்லவில்லை. ஆயினும், மருத்துவமனையைச் சேராத ஒருவர் தன் எதிரே உட்கார்ந்து தன் தரப்பைக் கேட்டார் என்பது அவனுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை அவன் பேச்சில் உணர்ந்தேன். ஆறு மாதத்துக்கும் மேலாக ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவமனை கருதினால், காலம் முடிவதற்கு முன்பே விஷயம் இந்த வருகையாளர்களிடம் போக வேண்டும். அவர்கள் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கப்படும். 12 மாதம் வரை நீட்டிக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. நீதிமன்றம் தானாக உள்ளே வருவது அந்தக் கட்டத்தில்தான். எங்கள் விஷயம் அங்கே போகவில்லை, ஆறு மாதத்துக்கு வெகு முன்பே மருத்துவர்கள் அவனை அனுப்பிவிட்டார்கள்.

வழக்கறிஞரைப் பார்ப்பதா வேண்டாமா என்று இடையில் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் விதி, ஒருவர் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டிருக்கிறார் என்று உயர் நீதிமன்றத்தில் முறையிட்டால், நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்றும், தடுத்துவைப்பு சட்டப்படியானது என்று மனநிறைவு ஏற்படாவிட்டால் அவரை முன்னிலைப்படுத்தி விடுவிக்க உத்தரவிட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த வாசல் முதல் நாளிலிருந்தே திறந்திருக்கிறது. ஆனால், அங்கே முதன்மையான கேள்வி, சட்டம் கேட்கும் நிபந்தனைகளும் நடைமுறைகளும் நிறைவேறினவா என்பதுதான். உரிய மருத்துவர் உரிய நேரத்துக்குள் பரிசோதித்தாரா, காலம் முடிந்தபின்னும் வைத்திருக்கிறார்களா என்பன போன்ற குறை இருந்தால் அங்கே போக வலுவான காரணம் உண்டு. மருந்து சரியா, இன்னும் ஒரு வாரம் வேண்டுமா என்பவற்றை நீதிபதி மருத்துவராக மாறி முடிவுசெய்யமாட்டார். எங்களிடம் தேதிகளும் படிவங்களும் சரியாக இருந்ததால் நாங்கள் வழக்குக்குப் போகவில்லை. சரியாக இருந்ததா என்பதை நாங்கள் அறிந்திருந்ததே முதல் நாளில் எழுதிவைத்த தாளால்தான். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவிப் பணியகத்தையும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவச சட்ட ஆலோசனையையும் அணுகலாம். போகும்போது அந்தத் தேதித் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உறவினர்கள் இரண்டு விஷயங்களை இதனுடன் போட்டுக் குழப்பினார்கள். நீடித்த அதிகாரப் பத்திரம், மனத்திறன் சட்டம் ஆகியவை ஒருவரால் முடிவெடுக்க இயலாதபோது அவர் சார்பில் முடிவெடுப்பதைப் பற்றியவை. தடுத்துவைப்பை மறுபரிசீலனை செய்யும் வழி அதில் இல்லை. குற்றச்சாட்டுக்கு ஆளானவரை நீதிமன்றம் மனநலக் கண்காணிப்புக்கு அனுப்புவதும் வேறு, அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழி.

தம்பி வீடு திரும்பியபின், மீண்டும் இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம் என்று முடிவுசெய்தோம். 1996ஆம் ஆண்டின் முன்கூட்டிய மருத்துவக் கட்டளைச் சட்டம், பிழைக்க வாய்ப்பில்லாத நிலையில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சையைப் பற்றியது மட்டுமே. மனநோய்ச் சிகிச்சைக்கு அது பொருந்தாது. எனவே அவன் எழுதியது மருத்துவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆயினும், அடுத்த முறை யாரோ ஒரு மருத்துவர் நள்ளிரவில் அவனைப் பரிசோதிக்கும்போது அவன் தெளிவாக இருந்த நாளில் சொன்ன சொல் அவர் கையில் இருக்கும். கையை நடுங்கவைத்த மருந்தின் பெயர், ஒத்துக்கொண்ட மருந்தின் பெயர், முதலில் என்னை அழைக்க வேண்டும், அம்மாவை அல்ல, வேலையிடத்துக்குக் காரணம் சொல்லக் கூடாது, மருத்துவ விடுப்பு என்று மட்டும் சொல்ல வேண்டும், தூக்கம் கெட்டால் காவல்துறை வரும்வரை காத்திராமல் தானே மருத்துவமனைக்கு வரச் சம்மதம் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டான். ஒரு பிரதியை மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் கொடுத்து அவனுடைய கோப்பில் சேர்க்கச் சொன்னோம். இன்னொன்று படிவத் தேதிகள் எழுதிய தாளுடன் என்னிடம் இருக்கிறது. மருந்து மாறும்போதெல்லாம் அவன் அதைப் புதிதாக எழுதுகிறான்.